‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லும் வயது

ஒரு தாயின் கேள்வி இது. மகளுக்கு 12 வயது. போன வருடம் வரை பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அன்று நடந்ததையெல்லாம் கொட்டுவாள். இப்போது நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்ன கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’. இன்னொரு தடவை கேட்டால் ‘உனக்குப் புரியாதும்மா, விடேன்’ என்று எரிந்து விழுகிறாள். கால் மணி நேரம் கழித்து எதற்கென்றே தெரியாமல் அழுகிறாள். மனசு கேட்காமல் போன வாரம் அவளுக்குத் தெரியாமல் அவள் டைரியைப் படித்துவிட்டேன். தோழிகள் தன்னை ஒதுக்குவதாக எழுதியிருக்கிறாள். நான் எங்கே தவறினேன்? இது இந்த வயதில் எல்லாருக்கும் வருவதா, டாக்டரிடம் காட்ட வேண்டியதா? டைரியைப் படித்ததை அவளிடம் சொல்வதா, அப்படியே விட்டுவிடுவதா?

மகள் கதவைச் சாத்துவதில் உங்கள் வளர்ப்பின் குறை எதுவும் இல்லை. டைரி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். மற்றதைச் சொன்ன பிறகுதான் அந்தப் பதிலுக்கான காரணம் புரியும்.

நான் பள்ளியில் ஆலோசகராக வேலை பார்ப்பவள். 18 வருடமாக 10 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளோடுதான் என் பொழுது போகிறது. நீங்கள் எழுதியிருப்பதை, மகன் மகள் என்ற வித்தியாசம் மட்டும் மாற்றி, மாதம் நாலைந்து பெற்றோர் என் எதிரில் உட்கார்ந்து சொல்கிறார்கள். பலர் சொல்லும்போதே கண் கலங்கிவிடும். கூடவே இருந்த ஒரு குழந்தையைத் தொலைத்துவிட்டது போன்ற தவிப்பு அது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

உடம்பிலிருந்து தொடங்குகிறேன். பெற்றோர் பெரும்பாலும் கடைசியாக யோசிப்பது அதைத்தான்.

மூளையின் அடிப்பக்கத்தில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. குழந்தைப் பருவம் முழுக்க அடங்கிக் கிடக்கும் அதன் ஒரு வேலை, இந்த வயதை ஒட்டி மெல்ல ஆரம்பிக்கிறது. முதலில் தூக்கத்தில், இரவு நேரத்தில், விட்டு விட்டு ஹார்மோன் சமிக்ஞைகளை அனுப்பும். அது பிட்யூட்டரி சுரப்பியை எழுப்ப, அந்தச் சுரப்பி சினைப்பையையோ விந்தகத்தையோ எழுப்பும். பெண் பிள்ளைகளுக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 வயதிலிருந்து 14 வயதுக்குள்ளும் இது எப்போது தொடங்கினாலும் இயல்புதான். பெண் பிள்ளைக்கு முதல் அடையாளம் பொதுவாக மார்பு அரும்புவது. அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான் முதல் மாதவிடாய் வரும்.

இங்கேதான் பெரியவர்களின் கணக்கு தவறுகிறது. வயதுக்கு வந்த நாளைத்தான் நாம் தொடக்கம் என்று வைத்துக்கொள்கிறோம். பிள்ளையின் உடம்புக்குள் அதற்கு இரண்டு வருடம் முன்பே வேலை தொடங்கிவிட்டது. ஒன்பது, பத்து வயதிலேயே முகம் சுண்டுவதும் கண்ணாடி முன் நிற்பதும் அதனால்தான். ‘இன்னும் சின்னக் குழந்தைதானே, இதுக்குள்ள என்ன கோபம்’ என்று கேட்கும் அம்மாக்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிரிட்டனில் ஜேம்ஸ் டேனர் என்ற குழந்தை மருத்துவர், தன்னோடு வேலை செய்த மார்ஷலுடன் சேர்ந்து, பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து, 1969-லும் 1970-லும் பருவமாற்றத்தின் ஐந்து படிகளை விவரித்தார். இன்றும் டாக்டர்கள் பயன்படுத்துவது அந்தப் படிகளைத்தான். மாற்றங்கள் வரும் வரிசை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த வயதில் தொடங்கும், எவ்வளவு வேகமாக நகரும் என்பது மட்டும் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். அதனால்தான் ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் முழுப் பெண்ணாகத் தெரியும் ஒருத்தியும், இன்னும் பால்முகம் மாறாத ஒருத்தியும் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேருமே தனக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். சீக்கிரம் வளர்ந்தவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பாள், வளராதவள் தனியாகக் கவலைப்படுவாள்.

வளர்த்தி வேகமெடுக்கும் வருடத்தில் பெண் பிள்ளை சுமார் 8 சென்டிமீட்டர் உயர்வாள், ஆண் பிள்ளை 9 சென்டிமீட்டருக்கு மேலும் உயர்வான். பெண் பிள்ளைகளுக்கு இது கிட்டத்தட்ட இரண்டு வருடம் முன்னதாகவே வந்துவிடும். முதலில் நீள்வது கையும் காலும், உடம்பு பின்னால்தான் வரும். தன் கை எங்கே முடிகிறது என்பதே அவர்களுக்குச் சில மாதம் பிடிபடாது. டம்ளரைத் தட்டிவிடுவார்கள், கதவில் இடித்துக்கொள்வார்கள். அப்போது ‘கண்ணு எங்க இருக்கு’ என்று கத்தாமல் ஒரு துணியை எடுத்துக் கொடுத்தால் போதும்.

பெண் பிள்ளைகளிடமாவது யாராவது கொஞ்சம் பேசுகிறார்கள். ஆண் பிள்ளைகளிடம் பல வீடுகளில் ஒருவருமே பேசுவதில்லை. ஒரு பையனைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 13 வயது. நல்ல வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டான். விளையாட்டு வகுப்புக்குப் போக மாட்டான். சோம்பேறி, கீழ்ப்படியாதவன் என்று சொல்லி அவனை என்னிடம் அனுப்பினார்கள். முதல் இரண்டு தடவை ஸ்வெட்டரின் ஜிப்பை ஏற்றி இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். மூன்றாம் தடவை, மணி அடித்து எழுந்து கதவருகே போன பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான்: ‘மிஸ், பசங்க பொண்ணா மாறிடுவாங்களா?’

மார்பில் லேசான வீக்கம், தொட்டால் வலி. அவ்வளவுதான் விஷயம். பருவ வயதில் ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது ஏதோ ஒரு அளவில் வருகிறது. ஹார்மோன்கள் ஒரு நிலைக்கு வரும்வரை இருந்துவிட்டு, பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாக அடங்கிவிடும். நான்கு மாதமாக அந்தப் பையன் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறான். குரல் உடைவது, மீசை அரும்புவது போலத்தான் இதுவும், தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் அப்படித்தான் என்று பத்து வயதிலேயே யாராவது ஒரு பெரியவர் சாதாரணமாகச் சொல்லியிருந்தால் அந்த நான்கு மாதத்தை அவனுக்கு மிச்சப்படுத்தியிருக்கலாம். நடப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டாம். சின்னச் சின்னதாக, உறுப்புகளின் சரியான பெயரோடு, பல தடவை சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் ‘எனக்கும் இதைப் பேசக் கூச்சமா இருக்கு, ஆனா உனக்குத் தெரியணும்’ என்று அதையே சொல்லித் தொடங்கலாம்.

சரி, கோபத்துக்கும் அழுகைக்கும் வருவோம். எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டிவிடுவது சுலபம். ஆனால் இந்த வயதில் மூளையே உள்ளுக்குள் திருத்தி அமைக்கப்படுகிறது. 1999-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஜே கீட் குழுவினர், ஒரே பிள்ளைகளைப் பல வருடம் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்த முடிவுகளை வெளியிட்டார்கள். மூளையின் முன்பகுதியில் சாம்பல் நிறப் பொருள் பருவமடையும் வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், அப்புறம் குறைந்துகொண்டு வருகிறது. பயன்படாத இணைப்புகள் கழிக்கப்படுகின்றன, பயன்படும் இணைப்புகள் உறுதியாகின்றன என்று இதை விளக்குகிறார்கள். யோசித்து அடக்குவது, பின்விளைவைக் கணக்குப் பார்ப்பது போன்ற வேலைகளைச் செய்யும் நெற்றிப் பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடும். உணர்ச்சியையும் ஆசையையும் தூண்டும் பகுதிகளோ பருவம் தொடங்கும்போதே சூடு பிடித்துவிடும். உங்கள் மகள் கத்தும்போது ‘ஏன் கத்துறே’ என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்காது. அவளுக்கே தெரியாது. அரை மணி நேரம் கழித்துக் கேட்டால் பல தடவை தெரிந்திருக்கும். அந்த அரை மணி நேரம் காத்திருப்பது நம் பக்கத்து வேலை.

இன்னொன்றும் இதோடு சேர்கிறது. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-ல் ‘கற்பனைப் பார்வையாளர்கள்’ என்ற ஒரு கருத்தைச் சொன்னார். பதினொன்று, பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கு அடுத்தவர் மனதில் என்ன ஓடும் என்று யோசிக்கும் திறமை புதிதாகக் கூர்மையாகிறது. அந்தப் புதுத் திறமை முதலில் திரும்புவது தன் மேலேயே. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள், தன் பருவையும் தலைமுடியையும் சட்டையில் இருக்கும் கறையையும் கவனிக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவார்கள். பள்ளி வாசலில் நீங்கள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் ஏன் அப்படிப் பதறுகிறாள் என்பது இதை வைத்துப் பார்த்தால் விளங்கும். ‘உன்னை யாரு பாக்கப் போறா’ என்று நாம் சொல்வது ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறோம். அது அவள் காதில் கேலியாக விழுகிறது.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என்னிடம் ‘ரொம்ப எரிச்சல் படுறா’ என்று வரும் பிள்ளைகளில் பலருக்கு முதல் பிரச்சினை தூக்கம்தான். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் முன்பைவிடத் தாமதமாகச் சுரக்க ஆரம்பிக்கிறது. மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார். ஒன்பது மணிக்குப் படுத்தால் ஒன்பது மணிக்கே தூங்கிய பிள்ளைக்கு இப்போது பத்தரைக்கும் கண் சொக்காது. ஆனால் காலையில் பள்ளி அதே நேரத்துக்குத்தான். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆறரை மணி நேரம் தூங்கிவிட்டு வரும் பிள்ளையைத் தினமும் பார்க்கிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டது இதனால்தான். பள்ளி நேரத்தை நீங்கள் மாற்ற முடியாது. செல்போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போட வைக்கலாம். அந்த விதி வீட்டில் எல்லோருக்கும் இருக்க வேண்டும், உங்களுக்கும்தான். உங்கள் போன் தலையணை அருகே இருந்தால் அது விதியாகாது, தண்டனையாகிவிடும். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் விட்டுவிடுங்கள். மதியம் வரை போனால் அடுத்த நாள் காலை இன்னும் கஷ்டமாகிவிடும்.

இந்தக் கடிகார மாற்றத்தில் ஒரு நல்லதும் இருக்கிறது. நமக்குக் கண் அயரும் நேரத்தில் அவர்களுக்கு வாய் திறக்கிறது. என் மகனுக்கு 13 வயது இருக்கும். இரவு பத்தரை மணி. நான் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்தவன் அங்கேயே நின்றான். அப்புறம் உட்கார்ந்து, குவியலில் இருந்து காலுறைகளைப் பொறுக்கி ஜோடி சேர்க்க ஆரம்பித்தான். மூன்று ஜோடி முடிந்த பிறகு, என்னைப் பார்க்காமல், ‘இன்னிக்கு ஒருத்தன் சிகரெட் கொண்டு வந்தான்மா’ என்றான். என் கை நின்றுவிடப் பார்த்தது. நிறுத்தாமல் மடித்துக்கொண்டே ‘ம்’ என்றேன். ‘எனக்கும் குடுத்தான். கையில வாங்கிட்டேன்.’ இன்னொரு ‘ம்’. ‘திருப்பிக் குடுத்துட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க.’ அவனை உறுத்தியது சிகரெட் இல்லை, அந்தச் சிரிப்பு. முதல் வரியிலேயே நான் ‘யாருடா அவன், பேரைச் சொல்லு’ என்று கேட்டிருந்தால் மூன்றாவது வரி வந்தே இருக்காது. அன்று இருபது நிமிடம் பேசினான். சிகரெட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதை இரண்டு நாள் கழித்துச் சொன்னேன், கேட்டுக்கொண்டான்.

நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் இந்த வயதில் புத்தி வேறு மாதிரி வேலை செய்யும் என்பதும் ஆய்வில் தெரிந்ததுதான். 2005-ல் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். கூடவே நண்பர்கள் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் மிக அதிகமான அபாயங்களை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ‘என் பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரியும்’ என்பது உண்மைதான். தனியாக இருக்கும்போது தெரிந்தது நாலு பேர் நடுவில் கைகொடுக்காமல் போகலாம். அதனால் முன்கூட்டியே ஒரு சாக்கு சொல்லிக் கொடுத்து வையுங்கள். ‘எங்கம்மா கண்டுபிடிச்சிடுவாங்கடா’ என்று உங்களைப் பழி சொல்லித் தப்பிக்க அனுமதி கொடுங்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு அது உதவியிருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்று பெற்றோருக்கு நன்றாகத் தெரிந்த வீடுகளில் பிள்ளைகள் சிக்கலில் மாட்டுவது குறைவு என்பது வெகு காலமாகச் சொல்லப்பட்டுவந்தது. அதனால் ‘கண்காணியுங்கள்’ என்ற அறிவுரையே எங்கும். 2000-ல் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வைத்து ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்கள்: பெற்றோருக்கு அந்த விவரமெல்லாம் எப்படித் தெரிகிறது? துருவிக் கேட்டா, கட்டுப்பாடு போட்டா, பிள்ளை தானாகச் சொல்லியா? பெரும்பாலும் பிள்ளை தானாகச் சொல்லித்தான் தெரிகிறது என்று வந்தது. நல்ல நடத்தையோடு அதிகம் பொருந்தியதும் அதுதான். என் 18 வருட அனுபவத்தை ஒரே ஆய்வில் அடக்கு என்றால் இதைத்தான் எடுத்து வைப்பேன். இந்த நான்கைந்து வருடத்தில் நீங்கள் காப்பாற்ற வேண்டியது, பிள்ளை தானாக வந்து சொல்லும் அந்த வழியைத்தான். கதவு, போன், மார்க், உடை என்று எந்தச் சண்டை வந்தாலும், இதில் ஜெயித்தால் அந்த வழி திறந்திருக்குமா அடைபடுமா என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

பிள்ளைகள் ஏன் சொல்வதை நிறுத்துகிறார்கள் என்று என்னிடம் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒரு சிறுமி சொன்னாள்: ‘அம்மாகிட்ட ஒண்ணு சொன்னா, சாயங்காலத்துக்குள்ள பெரியம்மா வரைக்கும் போயிடும் மிஸ்.’ தன் ரகசியம் ஊர்க்கதையாவதை ஒரே தடவை பார்த்தால் போதும், அடுத்தது வராது. இன்னொருத்தன் சொன்னான்: ‘ஆரம்பிச்சா அரை மணி நேரம் அட்வைஸ்.’ இன்னும் சிலருக்கு அம்மா தாங்க மாட்டாள் என்ற பயம், அவள் பதறுவதைப் பார்த்து இவர்கள் ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது. நான் அதிகம் கேட்ட காரணம் போன்தான். ஆன்லைனில் யாரோ மிரட்டுகிறார்கள், படம் அனுப்பச் சொல்கிறார்கள் என்றாலும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று தெரியும். இன்றைக்கே உங்கள் மகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: ‘போன்ல யாராவது தப்பாப் பேசினாலோ, போட்டோ கேட்டாலோ, நீயே தெரியாம ஏதாவது அனுப்பியிருந்தாலும் சரி, என்கிட்ட வா. போனைப் பிடுங்க மாட்டேன், திட்ட மாட்டேன், சேர்ந்து சரிபண்ணுவோம்.’ சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும்.

இதற்கு அர்த்தம் விதியே வேண்டாம் என்பதல்ல. டயானா பாம்ரிண்ட் 1960-களில் தொடங்கிய ஆய்வுகளும் அதைத் தொடர்ந்து வந்தவையும், பாசமும் உறுதியும் சேர்ந்து இருக்கும் வீட்டில் பிள்ளைகள் நன்றாக வருகிறார்கள் என்று காட்டியிருக்கின்றன. பாசமில்லாத கண்டிப்பும் உதவாது, கண்டிப்பே இல்லாத செல்லமும் உதவாது. நான் பெற்றோரிடம் சொல்வது: விதிகளைக் குறைத்து, இருப்பதை விடாமல் பிடியுங்கள். பாதுகாப்பு, தூக்கம், யாரையும் கேவலமாகப் பேசாதது, எங்கே இருக்கிறாய் என்று தெரிவிப்பது. இவற்றில் இழுபறி வேண்டாம். தலைமுடி, அறை அலங்கோலம், கேட்கும் பாட்டு இதெல்லாம் அவள் எல்லை. சாத்திய கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கதவு தேவைப்படுவது நியாயம்தான். போனைப் பார்ப்பதானால் ‘வாரத்துக்கு ஒரு தடவை சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லிவிட்டுப் பாருங்கள், அவள் பெரியவளாக ஆக அதையும் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

உங்கள் கடிதத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. காரணம் எனக்குத் தெரியாது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொதுவாக நான் பார்ப்பது: மகள் வளர ஆரம்பித்ததும் பல அப்பாக்கள் கூச்சத்தில் ஒதுங்கிவிடுகிறார்கள். தோளில் கை போடுவது நிற்கும், சேர்ந்து விளையாடுவது நிற்கும். மகளுக்கு அது கூச்சமாகத் தெரியாது. ‘என்னைப் பிடிக்காமப் போச்சு’ என்றுதான் தெரியும். வீட்டில் அப்பா இருந்தால், அவரைப் பழையபடி அவளோடு ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்யச் சொல்லுங்கள், எதுவானாலும் சரி. அப்பா இல்லாத வீட்டில் அவள் நம்பும் இன்னொரு பெரியவர், மாமாவோ சித்தியோ ஆசிரியரோ, ஒருவர் இருந்தால் நல்லது. உங்களிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு ஆள் இருப்பது உங்களுக்குத் தோல்வி இல்லை.

தோழிகள் ஒதுக்குவது பற்றி. இந்த வயதில் அது சின்ன விஷயமே இல்லை. பெரியவர்களான நமக்கு வேலை, வீடு, உறவு என்று நாலு உலகம் இருக்கிறது. அவளுக்கு இருப்பது பெரும்பாலும் அந்த ஒரு வகுப்பறைதான். ‘வேற ஃபிரெண்டு கிடைக்காதா என்ன’ என்று சொல்லாதீர்கள். உடனே அந்தத் தோழிகளின் அம்மாக்களுக்கு போன் போடவும் வேண்டாம், அடுத்த நாள் அதன் விலையை வகுப்பில் கொடுப்பவள் அவள்தான். அவள் வாய்விட்டுச் சொல்லும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: ‘நான் கேட்டுக்கிட்டா மட்டும் போதுமா, இல்ல நான் ஏதாவது செய்யணுமா?’ பத்தில் எட்டுத் தடவை கேட்டால் மட்டும் போதும் என்பார்கள். இந்த வயதுக் கூட்டங்கள் பிரிந்து சேர்ந்து மாறிக்கொண்டேதான் இருக்கும். ஒரே ஒரு நல்ல தோழி இருந்தாலே போதும். நீச்சலோ இசையோ நூலகமோ, பள்ளிக்கு வெளியே இன்னொரு சின்னக் கூட்டம் இருந்தால், இங்கே கதவு மூடும்போது அங்கே மூச்சு விட இடம் கிடைக்கும். ஆனால் ஒரே பிள்ளையைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பச் செய்வது, அவளால் எதிர்த்து நிற்க முடியாத நிலை, படத்தைப் பரப்புவது, மிரட்டுவது, அடிப்பது என்று வந்தால் அது தோழிச் சண்டை இல்லை, கொடுமைப்படுத்துவது. அப்போது பள்ளியில் பேசியே ஆக வேண்டும். போவதற்கு முன் அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

டாக்டரிடம் எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள். உடம்பைப் பொறுத்தவரை: 8 வயதுக்கு முன் பெண் பிள்ளைக்கோ 9 வயதுக்கு முன் ஆண் பிள்ளைக்கோ பருவ அடையாளம் தெரிந்தால் காட்டுங்கள். 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை, பையனுக்கு 14 வயதாகியும் எந்த அடையாளமும் இல்லை என்றாலும் காட்ட வேண்டும். முதல் இரண்டு வருடம் மாதவிடாய் முறை தவறி வருவது சகஜம். ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, வலியால் பள்ளிக்கே போக முடியாவிட்டாலோ சகஜம் என்று விடாதீர்கள்.

மனதைப் பொறுத்தவரை, கோபம் வந்து போவதில் கவலை இல்லை. வந்தது போகாமல் இருந்தால்தான் கவலை. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் சோர்வு, முன்பு ஆசையாகச் செய்த எதிலும் நாட்டமில்லை, சாப்பாடும் தூக்கமும் தலைகீழ், எடை வேகமாக இறங்குகிறது, காலையில் வயிற்றுவலி என்று பள்ளியைத் தவிர்க்கிறாள், வெயிலிலும் முழுக்கை போட்டுக் கையை மறைக்கிறாள், ‘நான் இல்லாமப் போனா நல்லாயிருக்கும்’ என்கிறாள். இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டால் பல பிள்ளைகளுக்கு ஒரு பாரம் இறங்கிவிடுகிறது. ஆம் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் இந்த இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் என் பேச்சைவிட உங்கள் மனசை நம்புங்கள்.

இனி டைரி. நீங்கள் பயத்தில் செய்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. உயிருக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் நானே படிக்கச் சொல்வேன். இங்கே அது இல்லை. படித்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு, ‘ஸ்கூல்ல எல்லாரும் நல்லாப் பழகுறாங்களா’ என்று சுற்றி வளைத்துக் கேட்பீர்கள். பிள்ளைகளுக்கு அது நொடியில் தெரிந்துவிடும். என்றைக்காவது தானாகத் தெரியவந்தால் டைரி இடம் மாறும், அதோடு பேச்சும் நின்றுபோகும். நீங்களே சொல்வதுதான் குறைந்த சேதம். இந்த வாரமே சொல்லுங்கள், முகத்துக்கு நேரே உட்காரவைத்து வேண்டாம். இரவில் அவள் படுத்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து: ‘நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். நீ பேசாம இருக்கறதப் பாத்துப் பயந்து உன் டைரியைப் படிச்சுட்டேன். படிச்சிருக்கக் கூடாது. இனிமே தொட மாட்டேன். யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்.’ அவ்வளவுதான். ‘ஆனா நீயும்…’ என்று சேர்க்காதீர்கள். தோழிகளைப் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள். கோபப்படுவாள், கத்துவாள், ஒருவேளை நாலைந்து நாள் பேசாமலும் இருப்பாள். அந்தக் கோபம் நியாயமானது, வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் காலையில் வழக்கம்போல எழுப்புங்கள், இரவில் அவள் அறைக்கு வெளியே எங்காவது, துணி மடித்தோ புத்தகம் படித்தோ, விழித்திருங்கள்.